எல்லா வாய்க்காலும் சுத்தம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ராமன் கருவியை எப்படிக் கையாள்வது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. என்னைவிடத் தெளிவாகவே சொல்லும். இருபது வருடங்களுக்கு மேல் அந்தக் கருவி அறையில் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தவறு அது. அதைக் கண்டுபிடித்தவர் அப்போது என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு பெண். இதை எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "எழுதுங்க மேடம், ஆனா எம்பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் பெயரில்லை. அன்று அவர் என் மாணவி. அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன்.

கார்பன் நானோகுழாய் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும், இதை உங்கள் வீட்டிலும் யாராவது வாசிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. கரி அணுக்களைச் சுருட்டிச் செய்த குழாய் அது. தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ராமன் கருவியில் வைத்து அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளியில் ஒரு துளி மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து அந்த அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று படிக்கலாம். திரையில் அது மேடும் பள்ளமுமாக ஒரு கோடாகத் தெரியும். மேட்டைத்தான் நாம் பீக் என்கிறோம். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு கூத்து நடந்தது. எந்த ஊரிலிருந்து சோதனைக்குக் குழாய்கள் வந்தாலும், திரையில் குழாயின் பருமனைக் காட்டும் பகுதியில், ஒரே இடத்தில் ஒரு சின்ன பீக். எல்லோரும் ஒரே அளவுக் குழாயைத்தான் தயாரிக்கிறார்கள் போலும் என்று நம்பி, மூன்று பேருக்கு அறிக்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன். கருவியைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், அது குழாய் இல்லீங்க. கீழ வச்சிருக்கீங்களே சிலிக்கான் தகடு, அதோட பீக்கு" என்றார். குழாயே இல்லாத வெறும் தகட்டை வைத்துக் காட்டினார். அதே பீக். "எல்லாம் ஒரே மாதிரி வந்தா சந்தோஷப்படாதீங்க. சந்தேகப்படுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அதை டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதி வைத்துவிட்டோம் என்ற தைரியத்திலேயே மறந்தும் போனேன்.

இனி அந்தப் பெண்ணின் விஷயம்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா முன்பு பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். பிறகு ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். சம்பா நாட்களில் அடுத்தவர் வயலுக்கு மருந்தடிக்கவும் போவார். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி அது. மேலேயிருந்து எந்தெந்த வயலின் மருந்தெல்லாம் கரைந்து வருகிறதோ, அவ்வளவும் அங்கேதான் வந்து நிற்கும். குழாயில் குடிநீர் வராத நாட்களில் அவள் தெருக்காரர்கள் குளத்தில்தான் தண்ணீர் எடுப்பார்கள். அந்தக் குளத்துக்கு வாய்க்கால்தான் வரத்து.

ஆராய்ச்சிக்கு என்ன தலைப்பு வேண்டும் என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. "தண்ணியில மருந்து இருக்கா இல்லையான்னு ஒரு சொட்டுல சொல்லணும் மேடம்" என்றாள்.

வழியும் இருந்தது. பூச்சிமருந்தின் மூலக்கூறு நானோகுழாயில் ஒட்டினால் குழாயில் மின்னூட்டம் மாறும். ஜி பீக் என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய மேடு இடப்பக்கம் சற்று நகரும். நகர்ந்தால் மருந்து இருக்கிறது, நகராவிட்டால் இல்லை. இன்னொரு கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். மருந்து கலந்த குழாய்களைக் கண்ணாடித் துண்டில் காயவைத்து பார்சலில் அனுப்புவது அவர் வேலை. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டு வந்து, குழாய் தடவிய சிலிக்கான் தகட்டில் சொட்டுவிட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. மூன்று வருட உழைப்பு. மருந்து கலந்தவற்றில் பீக் அழகாக நகர்ந்தது. வாய்க்கால் தண்ணீரில் நகரவில்லை. கட்டுரை எழுதினோம், ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதை நம்பி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை இரண்டு வருட ஆராய்ச்சி வேலைக்கு அழைத்தது. அவள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் மக்கள் முன்னால் செய்முறை காட்டச் சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை காலை, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கவேண்டிய இறுதிப்படி ஆய்விதழிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நான் காற்புள்ளி அரைப்புள்ளி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்து கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"மேடம், நம்ம வாய்க்கால் தண்ணி பதினாலு பாட்டில் எடுத்தோம்ல. பதினாலும் சுத்தம்னு வந்திருக்கு."

"நல்ல விஷயம்தானேம்மா."

"இல்ல மேடம். அதுல நாலாவது பாட்டிலு, எங்கப்பா மருந்தடிச்சிட்டு டேங்க்கு கழுவுற துறையில எடுத்தது. புகையான் பூச்சிக்கு அடிச்சாங்க. மறுநாள் காலையில நானே இறங்கி மொண்டேன். அது எப்படி மேடம் சுத்தமா இருக்கும்?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இறுதிப்படி கையில் இருக்கும்போது வரும் கேள்வி யாருக்குப் பிடிக்கும்? "தண்ணி ஓடிப் போயிருக்கும்மா" என்றேன்.

"அது எங்க வாய்க்காலுக்குத் தண்ணி விடுற முறை இல்லாத வாரம் மேடம். தண்ணி அசையாம நின்னுச்சு. தவளைகூடச் செத்துக் கெடந்துச்சு."

இறுதிப்படியில் அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு வாய்க்கால்களும் ஒரே மாதிரி சுத்தம். அதை நான் மகிழ்ச்சியோடு கட்டுரையில் எழுதியும் இருந்தேன். நான் இந்தப் பக்கத்துக்காரி. திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள். சம்பா நடுவில் டெல்டாவில் பதினான்கு வாய்க்கால் மருந்தில்லாமல் ஓடும் என்று எப்படி நம்பினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வெளியூர்க்காரர் எழுதியிருந்தால் சிரித்திருப்பேன்.

"என்ன பண்ணலாம்ங்கிற?" என்று கேட்டேன்.

"மருந்தே படாத குழாயைக் கண்ணாடித் துண்டுல கனமா காயவச்சிருக்கேன் மேடம், அந்தச் சார் அனுப்புவாருல்ல, அதே மாதிரி. அதை ஒரு தடவை பாத்துடலாம்."

அவள் ஏற்கெனவே யோசித்து, முதல் நாளே தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வைத்துப் பார்த்தோம். துளி மருந்துகூடப் படாத அந்தக் குழாயில் பீக் இடப்பக்கம் நகர்ந்து நின்றது. மருந்து கலந்ததில் எவ்வளவு நகர்ந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவே.

எனக்குக் காரணம் அந்தக் கணமே புரிந்துவிட்டது. குழாய் சூடானாலும் அந்தப் பீக் அதே பக்கம்தான் நகரும். இது எனக்குத் தெரியாததல்ல; வகுப்பில் வருடாவருடம் சொல்லிக் கொடுத்ததுதான். லேசரை முழு பலத்தில் வைத்தால் குழாய் சூடாகும். சிலிக்கான் தகட்டின்மேல் மெல்லிசாகப் படிந்திருந்தால் தகடு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் கனமாகக் காய்ந்திருந்தால் சூடு போக வழியில்லை. ஈர வைக்கோலைப் போர் போட்டது மாதிரி உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். மூன்று வருடமாக நாங்கள் அளந்தது மருந்தை அல்ல. கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் உள்ள வித்தியாசத்தை.

"பவரைக் குறைச்சுப் பாக்கலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்பும் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். வெளியே மாதிரிகள் வரிசையில் காத்திருந்தன. முழு பலத்தில் பத்து நொடியில் கோடு வந்துவிடும். குறைத்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் ஆகும். "நம்ம மெஷின்ல இப்படித்தாம்மா எப்பவும் எடுப்போம்" என்று அன்று சொல்லியிருந்தேன். அவள் அதை இப்போது நினைவுபடுத்தவில்லை. எனக்கு நினைவு வந்தது.

நூறில் ஒரு பங்காகக் குறைத்தோம். மதியம் வரை ஒவ்வொன்றாக எடுத்தோம். மருந்து கலந்தது, கலக்காதது, நாலாவது பாட்டில், குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் பார்த்தோம். எல்லாப் பீக்குகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன. மருந்தினால் நகர்வே இல்லை. நான் கருவியை அணைக்கவும் மறந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடனே நேர்மையான முடிவை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் வேதியியல் பேராசிரியருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மேடம், வெளிய வரட்டும். ரெண்டு மாசம் கழிச்சுத் திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம். இப்ப நிறுத்தினா என் ப்ரமோஷன் நிக்கும், அந்தப் பொண்ணோட வேலையும் நிக்கும். யோசிச்சுக்குங்க" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் பாதியை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது. அவ்வளவு நாள் கட்டிக் காத்த பெயர் ஒன்று இருந்தது.

அதைவிட மோசமாக, வியாழக்கிழமை காலை அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்குத்தாம்மா நஷ்டம் அதிகம். நீ என்ன சொல்றியோ அப்படியே செஞ்சிடலாம்."

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. லேசரின் பலத்தை வைத்தவள் நான், சந்தேகத்தைத் தள்ளிவிட்டவள் நான், முடிவு எடுக்க வேண்டியவளும் நான். பெருந்தன்மை போலத் தோன்றும் ஒரு வார்த்தையைச் சொல்லி எல்லாப் பாரத்தையும் அவள் தலையில் இறக்கினேன். உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்யும் காலம் வரும்போது இதை மட்டும் செய்யாதீர்கள்.

அவள் சொன்னாள்: "வேலை போனா வேற பாத்துக்கலாம் மேடம். ஞாயித்துக்கிழம எங்க தெருவுல போயி நின்னு, இந்தத் தண்ணியக் குடிங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

எழுந்து துறைத்தலைவர் அறைக்குப் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் பெயரும் இங்கே வேண்டாம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். யார் செய்தது, எப்படி நடந்தது, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மெயிலை நீங்க எழுதுறீங்களா மேடம், நான் எழுதட்டுமா?"

"நானே எழுதுறேன் சார். பவர் வச்சது நான்தான்."

"சரி. எம்பேரையும் கீழ போட்டுக்குங்க. அந்த ரூமும் என் டிபார்ட்மெண்ட்லதானே இருக்கு" என்றார். பிறகு, "அந்தக் கெமிஸ்ட்ரி சார்கிட்ட நான் பேசுறேன். நீங்க பேச வேண்டாம்" என்றும் சொன்னார்.

அன்று மாலைக்குள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினோம். அவளும் தன்னை வேலைக்கு அழைத்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வர்றோம்னு சொல்லியாச்சு மேடம். வரலன்னா மெஷின் இருக்கு, இன்னும் கொண்டுவரலன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். இரண்டு பேரும் காலை ரயிலில் கீழ்வேளூர் போய் இறங்கினோம். அவள் அப்பா டிவிஎஸ் ஃபிப்டியோடு ஸ்டேஷனில் நின்றிருந்தார். எனக்காக ஓர் ஆட்டோவும் பேசி வைத்திருந்தார். சமுதாயக் கூடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் படத்தைப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். "தண்ணியில மருந்து இருக்கான்னு பாக்குற ஒண்ணைக் காட்டுறதா சொல்லியிருந்தேன். அது தப்பா காட்டுது. போன வாரம்தான் கண்டுபிடிச்சோம். அதனால இன்னைக்குக் காட்ட ஒண்ணுமில்ல. மன்னிச்சிடுங்க" என்றாள். நானும் எழுந்து, "தப்பு அவமேல இல்லைங்க, மெஷினை வச்சது நான்" என்று சொன்னேன்.

கூடத்தில் சலசலப்பு. முன்வரிசையில் இருந்த அவள் அப்பா எழுந்தார். "நான் டேங்க்கு கழுவுற துறைத் தண்ணியவே சுத்தம்னு சொல்லிச்சாமுங்க அந்த மெஷினு. பொறகு அத வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகளின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

பின்னாலிருந்து ஒரு பெண், நடவு வேலைக்குப் போகிறவர், சிரிக்காமல் கேட்டார். "அப்ப கொளத்துத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லும்மா."

"எனக்குத் தெரியலக்கா. தெரியுற வரைக்கும் குடிக்காதீங்க."

"மெஷினு ஆகலன்னா பாக்குறதுக்கு வேற வழியே கெடையாதா?"

அந்தக் கேள்வி என்மீதுதான் வந்து விழுந்தது. வழி இருந்தது. தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, பழைய முறையில் மருந்தைப் பிரித்து அளக்கலாம். நேரம் ஆகும், புதுமையாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பதினான்கு பாட்டில்களையும் அங்கே ஒருமுறை அனுப்பி ஒப்பிட்டிருந்தால் முதல் வருடத்திலேயே தவறு தெரிந்திருக்கும். ஒரு சொட்டில் சொல்லிவிடும் அவசரத்தில் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியது.

"இருக்குங்க. நாங்களே அனுப்பிப் பாத்துச் சொல்றோம்" என்றேன். கூட்டம் கலைவதற்குள் கழுவிய பாட்டில்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். எந்த வாய்க்கால், எந்தத் துறை, குளத்தில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றிலும் அவள் எழுதி ஒட்டினாள்.

இதனால் அவள் இழந்தது கொஞ்சமல்ல. கட்டுரை இல்லாமல் நிதி கிடைக்காது என்று வருத்தத்தோடு எழுதி, வெளிநாட்டுப் பேராசிரியர் அழைப்பைத் திரும்பப் பெற்றார். அவள் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. குறைந்த பலத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தாள். மருந்தினால் வரும் உண்மையான நகர்வு மிகச் சிறியது, தண்ணீர் பார்க்க உதவாது என்று ஆய்வேட்டில் அவளே எழுதினாள். வேதியியல் பேராசிரியர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து மாதிரிப் பெட்டி வந்தது. மேலே சிவப்பு மையில் 'பவர் குறைவாக வைக்கவும்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நானே போன் செய்தேன். அவளுக்கு இரண்டு வருடம் கழித்து வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இன்று அங்கே தனி ஆய்வகம் வைத்திருக்கிறாள்.

எனக்கோ, தவறை ஒப்புக்கொண்ட பிறகும் அதே அறையில் நான்கு வருடம் தலைநிமிர்ந்து வேலை செய்ய முடிந்தது. அது என் கெட்டிக்காரத்தனம் அல்ல. கேள்வி கேட்ட ஒருத்தியும், கேள்வி கேட்காத ஒருவரும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது. சில சமயம் அப்படி இரண்டு பேர் நமக்கு வாய்த்துவிடுகிறார்கள். எனக்கு வாய்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த தண்ணீரின் பரிசோதனை முடிவு மூன்று வாரத்தில் வந்தது. டேங்க் கழுவும் துறைத் தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தது. குளத்திலும் இருந்தது, வாய்க்கால் வந்து விழும் மூலையில், குடிக்கக் கூடாத அளவுக்கு. எங்கள் கட்டுரையில் சுத்தம் என்று அட்டவணை போட்டிருந்த வாய்க்கால்தான் அங்கே வந்து விழுகிறது. அன்றே பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் செய்தோம். அந்த வாரமே குளத்துக்கான மதகை அடைத்து, குடிநீர் லாரிக்கு ஏற்பாடு செய்தார்கள். டேங்க் கழுவுவதை அவள் அப்பா வாய்க்காலை விட்டுத் தள்ளித் தரிசு மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்; மற்றவர்களையும் அங்கேயே கூட்டிப்போனார்.

அந்த முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு கருவி அறைக்குப் போனேன். அவள் கறுப்புத் திரைக்குப் பின்னால், அரைமணி நேரம் எடுக்கும் ஒரு கோட்டுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். தாளைக் கொடுத்தேன். படித்தாள். திரும்பவும் படித்தாள். அவ்வளவு நாளும் அவளுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன்.

"நான் என்ன மேடம் பெருசா செஞ்சேன்?" என்றாள். "பவரைக் குறைச்சேன்."